நூற்பாலை வழியே வந்த டிஃப்ரன்ஷியல்

பொதிகை மலையை விட்டுத் தாமிரபரணி சமவெளியில் இறங்கும் இடம் பாபநாசம். 1880-களில் ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் அங்கே ஒரு நூற்பாலையை எழுப்பினார்கள். அருவியாக விழும் தண்ணீரே அந்த ஆலைக்கு விசை. தண்ணீர் தண்டைச் சுழற்ற, தண்டிலிருந்து கயிறுகளும் பெல்ட்டுகளும் மாடி மாடியாக ஏறி எந்திரங்களை ஓட்டின. அருகிலிருந்த விக்கிரமசிங்கபுரம், ஆலையின் சங்கொலிக்கு எழுந்து, சங்கொலிக்கு உண்டு, சங்கொலிக்கு உறங்கும் ஊராக மாறியது. பின்னாளில் அந்த ஆலை மதுரா மில்ஸோடு இணைந்தது, பிறகு மதுரா கோட்ஸ் ஆனது. நெல்லைக்காரர்கள் எல்லோரும் அறிந்த கதை இது.

அந்தக் கதைக்குள் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி இருக்கிறது. காரின் பின் அச்சில், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் டிஃப்ரன்ஷியல் என்ற பற்சக்கரக் கூட்டம் இந்தப் பள்ளத்தாக்குக்கு மோட்டார் வண்டியோடு வரவில்லை. வண்டி வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே பஞ்சோடு வந்துவிட்டது.

நூற்பாலையில் ஸ்பீட் ஃப்ரேம் என்றொரு எந்திரம் உண்டு. இன்றைய ஆலைத் தொழிலாளர்கள் சிம்ப்ளெக்ஸ் என்பார்கள். பஞ்சுத் திரியை இழுத்து, லேசாக முறுக்கி, பாபினில் சுற்றுவது அதன் வேலை. திரி ஒரே சீரான வேகத்தில் வந்துகொண்டிருக்கும். முறுக்கும் ஸ்பிண்டிலும் ஒரே வேகத்தில் சுழலும். ஆனால் பாபினில் ஒவ்வொரு அடுக்கு ஏற ஏற அதன் பருமன் கூடுகிறது. பருத்த பாபின் பழைய வேகத்திலேயே சுற்றினால் திரி இழுபட்டு அறுந்துவிடும். ஆகவே அடுக்குக்கு அடுக்கு பாபினின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஸ்பிண்டிலின் வேகத்தையோ தொடக் கூடாது. அமெரிக்காவில் ஏசா ஆர்னால்ட் 1823-இலும், மான்செஸ்டரில் ஹென்றி ஹோல்ட்ஸ்வொர்த் 1826-இலும் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார்கள். எந்திரத்தின் நிலையான சுழற்சி ஒரு பக்கமிருந்து வரும். கூம்பு உருளைகள் தரும் மாறும் சுழற்சி இன்னொரு பக்கமிருந்து வரும். நடுவே இருக்கும் சாய்பல் சக்கரங்கள் இரண்டையும் கூட்டி, ஒரே சுழற்சியாகப் பாபினுக்குக் கொடுக்கும்.

அதுதான் டிஃப்ரன்ஷியல். ஆலையில் இரண்டு சுழற்சிகளை ஒன்றாக்குகிறது. காரில் ஒன்றை இரண்டாகப் பிரிக்கிறது. சக்கரங்கள் அதேதான், விசை பாயும் திசைதான் வேறு. பாபநாசத்து ஆலையில் பல் தேய்ந்த கியரைக் கழற்றி மாட்டிய ஃபிட்டர்கள், கார் என்ற பொருளைக் கண்ணால் காணும் முன்பே அதன் இதயத்தில் இருக்கும் கணக்கைக் கையால் தொட்டிருந்தார்கள். தொழில்நுட்ப வரலாறு எழுதும்போது பட்டணங்களையே பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பழக்கத்தால் விட்டுப்போன பக்கங்களில் இதுவும் ஒன்று.

அதற்கு முன் இங்கே ஓடிய வண்டிகளுக்கு டிஃப்ரன்ஷியல் ஏன் தேவைப்படவில்லை? நெல்லையப்பர் கோயில் தேரைப் பார்த்தாலே விளங்கும். ஆனி மாதத்தில் ரத வீதிகளைச் சுற்றி வரும் அந்தப் பெருந்தேரின் ஓட்டம் 500 ஆண்டுகளைக் கடந்தது. மூலை திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் நீண்ட தூரம் போக வேண்டும். உட்பக்கச் சக்கரம் கொஞ்சமே நகரும். தேர்ச் சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுழல்பவை. அவற்றை எதுவும் உள்ளிருந்து சுழற்றுவதில்லை, வடம் பிடித்த ஆயிரக்கணக்கான கைகள் வெளியிலிருந்து இழுக்கின்றன. ஆகவே ஒவ்வொரு சக்கரமும் தனக்கு வேண்டிய வேகத்தில் போகும். சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் தேரின் போக்கைத் திருப்பிக்கொள்வார்கள். மாட்டு வண்டியிலும் இதே நிலைதான்.

அச்சையே எஞ்சின் சுழற்றத் தொடங்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் இறுகியிருந்தால், திருப்பத்தில் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். எவ்வளவு தேய வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. அம்பாசிடர் காரின் பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.35 மீட்டர். நேர்க்கோணமாக ஒரு மூலை திரும்பினால் வெளிச் சக்கரம் உட்சக்கரத்தை விட 2.1 மீட்டர் கூடுதலாகப் போகிறது. திருப்பம் அகலமா, குறுகலா என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. சக்கர இடைவெளியும் திரும்பும் கோணமும் மட்டுமே கணக்கு. நெல்லை டவுனின் நான்கு ரத வீதிகளையும் ஒருமுறை சுற்றி வந்தால் வித்தியாசம் 8.5 மீட்டர். அத்தனையும் ரப்பரில் தேயாமல் பார்த்துக்கொள்வது உள்ளே இருக்கும் நாலைந்து சாய்பல் சக்கரங்கள்.

பாரிஸில் ஒனிசிஃபோர் பெக்கர் 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-இல் தன் மூன்று சக்கர சைக்கிளில் இதைப் பொருத்தினார். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டியிலும் இது இருந்தது.

அதே 1877-இல் மகேந்திரகிரி மலையடிவாரத்துத் திருக்குறுங்குடியில் ஒரு குழந்தை பிறந்தது. டி.வி. சுந்தரம் அய்யங்கார். வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என்று சில வேலைகளைப் பார்த்துவிட்டு, 1911-இல் மதுரையில் சொந்தத் தொழில் தொடங்கினார். 1912-இல் பஸ் விட்டார். திவ்விய தேசம் என்று மட்டும் அறியப்பட்ட ஊரில் பிறந்தவரின் பெயரெழுத்துக்கள் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு இந்திய மோட்டார் தொழிலின் அடையாளங்களில் ஒன்றாயின. பிற்காலத்தில் அந்தக் குடும்பத்துத் தொழில்களிலிருந்து ஆக்சில்ஸ் இந்தியா என்ற நிறுவனமும் கிளைத்தது. லாரிகளின் பின் அச்சுக் கூடுகளைச் செய்வதே அதன் தொழில்.

தெற்கத்திச் சாலைகள் மோட்டாருக்காகப் போடப்பட்டவை அல்ல. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-இல் மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்குமாகக் கட்டப்பட்டது. பஸ் வந்தபோது அதே பாலம் அதையும் தாங்கியது. குண்டும் குழியும், ஆற்று மணலும், வாய்க்கால் கரைத் திருப்பங்களும் பின் அச்சைத்தான் முதலில் பதம் பார்க்கும். எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். அச்சில் பழுது என்றால் வண்டி ஓடிக்கொண்டே கெடும், கெட்டுக்கொண்டே ஓடும். அதனால் அந்தப் பழுதை முன்கூட்டியே கேட்கத் தெரிந்த காதுக்கு அந்தக் காலத்திலிருந்தே மதிப்பு.

அந்த ஆரம்பகால வண்டிகளின் அச்சு எளிமையானது. ஃபோர்டு மாடல் டி-யில் அச்சோடு சுழலும் பெரிய சக்கரமான கிரவுன் வீலுக்கு 40 பல், அதைச் சுழற்றும் சிறிய சக்கரமான பினியனுக்கு 11 பல். எல்லாம் நேராக வெட்டிய பற்கள். சத்தம் அதிகம், ஆனால் பொருத்துவது சுலபம். அந்த நேரான சாய்பல் வளைபலானது அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில். 1874-இல் வில்லியம் கிளீசன் சாய்பல் வெட்டும் எந்திரத்தைக் கண்டுபிடித்தார். அவர் தொடங்கிய ஆலை 1910-களில் வளைந்த பல்லையும், 1920-களில் ஹைப்பாய்டு பல்லையும் வெட்டித் தந்தது. 1926-இல் பேக்கார்டு கார் ஹைப்பாய்டைச் சாலைக்குக் கொண்டுவந்தது. ஹைப்பாய்டில் பினியன், கிரவுனின் மையத்துக்கு நேராக வராமல் கீழே தாழ்ந்து சேர்கிறது. அதனால் புரொபெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்து, காரின் தரையும் தாழ்ந்தது. ஆனால் இந்த அமைப்பில் பற்கள் உருள்வதோடு நிற்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்று சறுக்கவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி விலகிவிடும். கந்தகச் சேர்மங்கள் கலந்த தனி கியர் ஆயில் தேவைப்பட்டது அப்படித்தான். கூட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடியை மெக்கானிக் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயு எந்திரங்களைச் செய்து பஸ்களில் பொருத்தி ஓட்டியது. போர் முடிந்து, சுதந்திரமும் வந்தபின் வேறு வகைத் தட்டுப்பாடு ஆரம்பமானது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. உத்தரபாராவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. காருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கையிலிருக்கும் காரை இருபது, முப்பது வருடம் உயிரோடு வைத்திருப்பது தவிர வழியில்லை.

வீட்டு வாசலில் டிஃப்ரன்ஷியல் கட்டும் கலை அந்தக் காத்திருப்பில்தான் வேர்விட்டது. பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர்கள், பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் கைப்பழகியவர்கள், 1974-இல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் உருவான பின் அதன் பணிமனைகளில் பயிற்சி எடுத்தவர்கள் என்று இந்த வித்தைக்குப் பல வாசல்கள். பணிமனையில் பிரஸ் இருக்கும், டயல் கேஜ் இருக்கும், கம்பெனி கொடுத்த அளவு ஜிக் இருக்கும். வீட்டு வேப்பமரத்தடியில் அதெல்லாம் இருக்காது. அதே வேலையை அங்கே அதே துல்லியத்தில் செய்தாக வேண்டும். பல்லுக்கு இடம் முக்கியமில்லை. அது கேட்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒர்க்‌ஷாப் பேச்சில் அது ஒரு ‘தௌ’.

இந்த வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் புத்தகத்தில் அது ஒரு பக்கம், கையிலோ ஒரு நாள்.

“அண்ணாச்சி, பின்னால ஊளையிடுது” என்று டாக்ஸிக்காரர் வந்து நின்றால், மெக்கானிக் உடனே ஸ்பானரை எடுக்க மாட்டார். “ஏத்தத்துலயா, எறக்கத்துலயா?” என்று கேட்பார். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வரும் சத்தம் வேறு, காலை எடுத்ததும் வரும் சத்தம் வேறு. கிரவுன் பல்லுக்கு இரண்டு முகம். புடைத்த முகத்தில் எஞ்சின் தள்ளுகிறது. குழிந்த முகத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. எந்த முகம் அழுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நேராகப் போகும்போது அமைதி, திரும்பும்போது மட்டும் கடகடப்பு என்றால் கிரவுன்மேல் பழியில்லை. உள்ளே இருக்கும் சிறு சாய்பல் சக்கரத்தை, அதாவது ஸ்டார் பினியனைப் பார்க்க வேண்டும். கியர் போட்டு எடுத்ததும் ‘டக்’கென்று உதைத்தால் எங்கோ விளையாட்டு அதிகம். எல்லா வேகத்திலும் கரகரவென்றால் பேரிங்.

ஊளை ஏன் ஊளையாகவே கேட்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. கிரவுனில் 41 பல், பினியனில் 9 பல் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் அம்பாசிடர் அளவுச் சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய எட்டுச் சுற்று சுற்றும். எட்டை 41-ஆல் பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 330 பல் மோதல். அது மனிதக் குரலின் வீச்சுக்குள் விழும் சுருதி. அதனால்தான் எஞ்சின் இரைச்சல், காற்று இரைச்சல் எல்லாவற்றையும் தாண்டி அந்த ஒன்று தனியாகக் காதில் ஏறுகிறது. 41-க்கும் 9-க்கும் பொது வகுத்தி இல்லாததற்கும் காரணம் உண்டு. அப்படி இருந்தால்தான் ஒவ்வொரு பினியன் பல்லும் ஒவ்வொரு கிரவுன் பல்லையும் மாறி மாறிச் சந்திக்கும்; ஒரே ஜோடி திரும்பத் திரும்ப உரசித் தேயாது.

காரைக் கல் அடுக்கி உயர்த்தி, கறுத்த எண்ணெயை வடித்துவிட்டு, டிரம்மைக் கழற்றி இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் உருவினால், அம்பாசிடரில் டிஃப்ரன்ஷியல் முழுதும் முன்பக்கமாக ஒரே பொருளாக வெளியே வரும். இது வீட்டு மெக்கானிக்குக் கிடைத்த பெரிய வரம். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்ய வேண்டியதை, பலகை மேல் வைத்து உட்கார்ந்து செய்யலாம். ஜீப்பின் அச்சு அப்படி இடம் கொடுக்காது. கூட்டுக்குள்ளேயே வைத்துத்தான் கட்ட வேண்டும்.

பழைய பேரிங் கேப்புகளைக் கழற்றும் முன் பஞ்ச் உளியால் புள்ளி குத்துவார்கள். இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு இரண்டு. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் தொழிற்சாலையில் கூட்டோடு சேர்த்துத் துளையிட்டவை, மாறினால் பொருந்தாது. கிரவுனும் பினியனும் அதே போலத்தான். ஆலையில் இரண்டையும் ஒன்றோடு ஒன்று ஓடவிட்டு உரசிப் பதப்படுத்தி, ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து ஸ்பேர்ஸ் கடையில் பெட்டியைப் பிரித்ததும் விவரமறிந்தவர்கள் முதலில் அந்த இரண்டு எண்களைத்தான் ஒப்பிடுவார்கள். எண் மாறிய ஜோடியை எந்தக் கைத்திறனாலும் அமைதியாக ஓட வைக்க முடியாது.

முதலில் பினியனின் ஆழம். பினியன் கிரவுனுக்குள் எவ்வளவு நுழைந்து நிற்கிறது என்பதைப் பேரிங்குக்குப் பின்னால் வைக்கும் ஷிம் தகடு தீர்மானிக்கிறது. பினியன் முகத்தில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஓர் எண் பொறித்திருக்கும். பழைய பினியனின் எண்ணையும் புதியதன் எண்ணையும் கழித்துப் பார்த்தால் ஷிம்மைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியும். குறியின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், கழற்றிய பழைய ஷிம்மைத் தூக்கி எறியாமல் மைக்ரோமீட்டரில் அளந்து வைப்பது கட்டாயம்.

அடுத்தது பேரிங்கின் இறுக்கம். டேப்பர் ரோலர் பேரிங்குகள் இரண்டும் ஒன்றையொன்று லேசாக நெருக்கிக்கொண்டு இருக்க வேண்டும். தளர்ந்தால் பினியன் ஆடும். அதிகம் இறுகினால் சூடேறிப் பொரிந்துபோகும். இதை அளக்க டார்க் மீட்டர் வேண்டும் என்கிறது புத்தகம். வீட்டில் நூலும் சுருள்வில் தராசும் போதும். பினியன் ஃபிளாஞ்சில் நூலைப் பல சுற்று சுற்றி, முனையைத் தராசுக் கொக்கியில் மாட்டிச் சீராக இழுப்பார்கள். ஃபிளாஞ்சின் ஆரம் 5 சென்டிமீட்டர், தராசு காட்டுவது 3 கிலோ என்றால் இறுக்கம் 15 கிலோ சென்டிமீட்டர். முதல் அசைவில் முள் எகிறும். அதை எண்ணக் கூடாது, சுழன்றுகொண்டிருக்கும்போது நிலைத்து நிற்கும் அளவே கணக்கு. பினியனுக்குள் நசுங்கும் குழல் இருக்கும் வண்டிகளில் இந்த இடம் மிகவும் ஆபத்தானது. நட்டை ஒரு கால் சுற்று அதிகம் இறுக்கிவிட்டால் குழல் அளவுக்கு மீறி நசுங்கிவிடும். நட்டைத் தளர்த்திப் பயனில்லை. குழலை மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது, பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் விடும் விளையாட்டு, அதாவது பேக்லாஷ். கார் அச்சுகளில் பெரும்பாலும் 5 முதல் 8 தௌ வரை. ஷிம்மை இடமிருந்து வலத்துக்கு மாற்றியோ, இரு பக்க அட்ஜஸ்டிங் நட்டைத் திருகியோ கிரவுனை நகர்த்துவார்கள். ஒரு பக்கம் தளர்த்திய அளவுக்கு மறுபக்கம் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டு பேரிங்கின் இறுக்கம் கெட்டுவிடும். கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளப்பதும் அவசியம். இடத்துக்கு இடம் அளவு மாறினால் கிரவுன் நேராக உட்காரவில்லை. போல்ட்டுக்கு அடியில் துளி அழுக்கு சிக்கியிருந்தாலும் போதும்.

இத்தனையும் அளவுகள். கடைசித் தீர்ப்பு சாயத்தின் கையில்.

கிரவுனின் நாலைந்து பற்களில் மார்க்கிங் நீலத்தை, அதற்கும் முந்தைய காலத்தில் எண்ணெயில் குழைத்த ரெட் லெட்டை, மெல்லிசாகப் பூசுவார்கள். மரக்கட்டையால் கிரவுனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பினியனைச் சுற்றுவார்கள். தடை இல்லாமல் சுற்றினால் தடம் பதியாது. பிறகு வெளிச்சத்தில் பார்த்தால், பல் தொட்ட இடத்தில் சாயம் விலகி ஒரு நீள்வட்டம் தெரியும். தடம் பல்லின் உச்சியில் நின்றால் பினியன் போதிய ஆழம் போகவில்லை. ஷிம் கூட்ட வேண்டும். அடிவாரத்தில் இறங்கியிருந்தால் ஆழம் அதிகம். ஷிம் குறைக்க வேண்டும். கிரவுனின் உள்விளிம்புப் பக்கம் ஒதுங்கினால் பேக்லாஷைக் கூட்ட வேண்டும், வெளிவிளிம்புப் பக்கம் என்றால் குறைக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கொஞ்சம் நகரும். கழற்றி, ஷிம் மாற்றி, மாட்டி, மறுபடி சாயம். சரியான தடம் பல்லின் நடுவில், ஒரு சிறிது உள்விளிம்பை நோக்கிச் சாய்ந்து விழும். பாரம் ஏறும்போது தடம் வெளிவிளிம்பை நோக்கிப் பரவும் என்பதால் அந்த இடத்தை முன்கூட்டியே விட்டுவைக்கிறார்கள்.

விலையுயர்ந்த கருவி வைத்திருந்தவர்கள் கடைசியில் நம்பியதும் இந்தத் தடத்தைத்தான். இதில் வீட்டு மெக்கானிக்கும் தொழிற்சாலை இன்ஜினியரும் ஒரே நிலத்தில் நிற்கிறார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் நில அமைப்பும் இந்த வேலைக்குள் நுழைகிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலையில் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. மணிமுத்தாறிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று சாலை போகிறது. சமவெளியில் ஓடும் கார் பல்லின் புடைத்த முகத்தைத்தான் பெரும்பாலும் தேய்க்கும். மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர் ஏறும்போது ஒரு முகத்தையும், இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்து இறங்கும்போது மறு முகத்தையும் வருத்துகிறார். ஆகவே மலை வண்டிக்குக் கட்டும்போது குழிந்த முகத்தின் தடத்தையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. சமவெளி டாக்ஸியில் கண்டுகொள்ளாமல் விடும் சிறு கோணல், அங்கே ஓர் இறக்கத்திலேயே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும்.

வயலில் நேர்மாறான பிரச்சினை. டிஃப்ரன்ஷியலுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு: எந்தச் சக்கரம் எளிதாகச் சுழல்கிறதோ அதற்கே சுழற்சியை அள்ளிக் கொடுத்துவிடும். கார் ஓடும் சாலையில் இது தெரியாது. கார், பிசானம் என்ற இரு பருவங்களில் நெல் விளையும் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய்ப் பாசனத்தில் தொளி உழவுக்கு டிராக்டர் இறங்கும்போது தெரியும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது வெறுமனே சுழல, மறு சக்கரம் அசையாமல் நிற்கும். அதற்காகவே டிராக்டரில் குதிகாலால் மிதிக்கும் டிஃப்ரன்ஷியல் லாக் இருக்கிறது. மிதித்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். நேராகப் போகும்வரைதான் அது துணை. பூட்டை விடாமல் வரப்போரம் திருப்பினால் பல்லுக்கும் ஷாஃப்டுக்கும் உயிர் போகும்.

தமிழ்நாட்டு வயல்களில் அதிகம் பார்க்கக் கிடைக்கும் டிராக்டர்களில் ஒன்று டாஃபே. 1960-இல் மாஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு சென்னையில் அதைத் தொடங்கியவர் அமால்கமேஷன்ஸ் குழுமத்தை உருவாக்கிய எஸ். அனந்தராமகிருஷ்ணன். அவரும் பழைய திருநெல்வேலிச் சீமைக்காரர்தான். கடனா நதிக்கரையில் இருக்கும் சிவசைலம் கோயிலில் அம்மன் பெயர் பரமகல்யாணி. அருகிலுள்ள ஆழ்வார்குறிச்சியில் அவர் தொடங்கிய கல்வி நிலையங்களுக்கு அந்தப் பெயர். பின்னாளில் குழுமத்தை நடத்திய மகனுக்குச் சிவசைலம் என்று பெயர். கடனா, தாமிரபரணியில் கலக்கும் ஆறு. பஸ்ஸும் டிராக்டரும் சென்னை, மதுரைப் பெருமையாகவே சொல்லப்படுகின்றன. அந்தத் தொழில்களை எழுப்பிய இருவரின் வேரும் இந்த மலையடிவாரத்தில் இருப்பதை இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. முன்சக்கரம் இழுக்கும் கார். அதில் எஞ்சின் குறுக்காக இருப்பதால் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. கிரவுனும் பினியனும் போய், சாதாரணச் சாய்வெட்டுப் பல் சக்கரங்கள் கியர்பாக்ஸுக்குள்ளேயே அந்த வேலையைச் செய்தன. பினியன் ஆழம் இல்லை, சாயம் இல்லை, தடம் படிக்கும் வேலை இல்லை. ஸ்டார் பினியன்கள் மட்டும் அப்படியே உள்ளே இருந்தன. 2014-இல் அம்பாசிடரின் உற்பத்தியும் நின்றது. கார்களைப் பொறுத்தவரை வீட்டு வாசல் டிஃப்ரன்ஷியல் வேலை ஏறக்குறைய அங்கேயே முடிந்தது.

ஆனால் வேலை முழுவதும் ஒழியவில்லை. வாழைத்தார் ஏற்றும் வண்டிக்கும் செங்கல் ஏற்றும் வண்டிக்கும் மாறிக்கொண்டது. ஆம்னி வேன், பொலிரோ, 2005-இல் வந்த டாடா ஏஸ், டிராக்டர், லாரி எல்லாவற்றிலும் பின் அச்சு பழைய முறையில்தான் இருக்கிறது. சுமை கூடியிருப்பதால் பல்லின் துயரமும் கூடியிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரைமீறி, திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியும் தண்ணீரில் மூழ்கியது. இப்படிப்பட்ட வெள்ளம் எஞ்சினுக்குச் செய்யும் கேட்டை எல்லோரும் உடனே பார்ப்பார்கள். அச்சுக்குச் செய்வதைப் பலரும் மாதங்கள் கழித்தே உணர்வார்கள். ஓடிச் சூடேறிய அச்சுக் கூடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள பிரீதர் துளையும் தேய்ந்த ஆயில் சீலும் அந்தச் சுருக்கத்தில் வெளித் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கியர் ஆயில் மோர் நிறத்துக்கு மாறும். வண்டி வழக்கம்போல ஓடும், ஆனால் பேரிங் உருளைகளில் துருப் புள்ளிகள் விழத் தொடங்கியிருக்கும். அவை பொரிந்து, பினியன் ஆடி, பல்லின் தடம் இடம்மாறி, ஊளை கிளம்ப அடுத்த கோடை ஆகிவிடும். ஆகவே முட்டளவு தண்ணீரில் நின்ற எந்த வண்டிக்கும் வடிகால் நட்டைத் திறந்து எண்ணெயின் நிறத்தைப் பார்ப்பதே முதல் வேலை. வெளுத்திருந்தால் அதை முழுதும் வடித்து, புது எண்ணெய் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். பிரீதரில் சேறு அடைத்திருந்தால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

புதிதாகக் கட்டிய அச்சுக்கும் ஒழுங்கு உண்டு. முதல் ஓட்டத்தில் பாரம் ஏற்றாமல், வேகத்தை ஏற்றி இறக்கி இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுகிவிட்டது; மறுபடி இறக்க வேண்டும். சூடு அளவாக இருந்தால் முழுதும் ஆறவிட்டு மீண்டும் ஓட்டுவார்கள். பற்கள் ஒன்றுக்கொன்று பழகும்போது உதிரும் நுண் இரும்புத் துகள் முதல் எண்ணெயில் சேர்ந்துகொள்ளும் என்பதால், ஆயிரம் கிலோமீட்டருக்குள் அந்த எண்ணெயை மாற்றிவிடுவது வழக்கம். வடிகால் நட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பது சாம்பல் பசையா, சில்லா என்று விரலில் தேய்த்துப் பார்ப்பார்கள். பசை என்றால் புது எண்ணெய் ஊற்றி வண்டியை லோடுக்கு அனுப்பலாம். சில்லு என்றால் மறுபடி கல் அடுக்க வேண்டும்.